மலையணிலின் ரத்தமும் ஐஸ்பெட்டி மேடமும்

போடிநாயக்கனூரில் குடியிருந்துகொண்டு ஏலக்காயை ஏறெடுத்தும் பார்க்காத ஒரே மனித ஜீவன் எங்கள் ஐஸ்பெட்டி மேடம்தான். ஊரே "இன்னிக்குக் காய் என்ன வெல?" என்று விசாரித்துக்கொண்டு எழும்போது, அவர் மட்டும் "அணில் ஏதாவது அடிபட்டுச்சுங்களா?" என்று ஆவலாக விசாரிப்பார். கேட்கிறவர்களுக்குப் பகீரென்றிருக்கும்.

கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். எங்கள் வீட்டு மாடிக்கு வாடகைக்கு வந்தபோது, அவருடைய சாமான் ஒரு பெட்டி துணி, ஒரு பைனாகுலர், தோளில் தொங்கிய நீலநிற ஐஸ்பெட்டி, அவ்வளவுதான். கல்யாணத்துக்குப் போனாலும் அந்தப் பெட்டி கூடவே போகும். ஒரு பந்தியில் பரிமாறுகிறவர் அதற்கும் ஓர் இலை போட்டுவிட்டார். பஸ் ஸ்டாண்டில் பிள்ளைகள் "சேமியா ஐஸ் இருக்கா?" என்று பின்னாலேயே ஓடிவரும். மேடம் நின்று நிதானமாக, "இல்லீங்க தம்பி, இன்னும் ரத்தமே கிடைக்கல" என்பார். அதன் பிறகு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை இருக்காது.

என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "அப்படி என்னதான் ஆராய்ச்சி மேடம்?" என்று கேட்டேவிட்டாள்.

"மலையணில் இருக்குதுங்களே அக்கா, பூனையாட்டம், செம்பட்டை ரோமமும் பெரிய வாலுமா. அதோட மரபணுவை முதல் எழுத்துல இருந்து கடைசி எழுத்து வரைக்கும் படிக்கோணுங்க."

"படிச்சு?"

"நடுவுல காட்டை வெட்டிட்டோமில்லைங்களா? இந்த மலை அணிலும் அடுத்த மலை அணிலும் எம்புட்டு காலமாப் பிரிஞ்சு கிடக்குதுன்னு தெரிஞ்சுரும். எங்க மரம் வச்சா மறுபடி சேரும்னு சொல்லலாம்."

"சொந்தபந்தம் விசாரிக்கணும்னா எங்க அத்தையக் கேட்டிருக்கலாமே!"

மேடம் தீவிரமாக யோசித்தார். "அவங்களுக்கு அணில் பக்கமெல்லாம் தெரியுங்களா?"

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். அவருடைய நிலைமை சிரிக்கும்படி இல்லை. அணிலைப் பிடித்துத் துன்புறுத்தக் கூடாது, அடிபட்ட அணில் கிடைத்தால் மட்டும் கால்நடை டாக்டரை வைத்துக்கொண்டு துளி ரத்தம் எடுக்கலாம் என்றுதான் வனத்துறை அனுமதி. மழைக்காலம் முடிந்தால் அனுமதியும் முடியும். அதற்குள் கிடைக்காவிட்டால் பல வருஷ உழைப்பும் பார்க்கிற வேலையும் சேர்ந்தே போய்விடும்.

முதலில் ரோமத்தையாவது சேர்ப்போம் என்று, குரங்கணிக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் மரத்துக்கு மரம் பலாச்சுளை வைத்து, சுற்றிலும் பசைநாடா ஒட்டினார். நாடாவில் ரோமமும் ஒட்டியது. துள்ளிக் குதித்து லேபுக்கு அனுப்பினார். மனுஷன் தலைமுடி என்று பதில் வந்தது.

எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரைப் பார்த்துக்கொண்ட செல்லையா தலையைச் சொறிந்தார். "சுளை வீணாப் போகுதேன்னுதான் மேடம்..."

அதே செல்லையாதான் ஒரு மழைநாள் காலையில் போன் பண்ணினார். "மேடம், வெரசா வாங்க! கரண்டு கம்பில அடிபட்டு அணிலு ஒண்ணு கெடக்கு. உசுரு இருக்கு!"

டாக்டரை ஏற்றிக்கொண்டு ஜீப்பில் பறந்தோம். டாக்டர் காயத்துக்குக் கட்டுப் போட்டு, குட்டிக் குழாயில் கொஞ்சம் ரத்தமும் எடுத்துக் கொடுத்தார். மேடம் அதை ஐஸ்பெட்டிக்குள் வைத்த பதனத்தைப் பார்த்து நான் மூச்சுக்கூட விடவில்லை. பெட்டியை ஸ்டோர் வாசலில் செல்லையா பொறுப்பில் விட்டுவிட்டு, மயங்கிக் கிடந்த அணில் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அது கண் விழிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.

திரும்பி வந்தால் பெட்டி திறந்து கிடந்தது. செல்லையா பெருமையாக நின்றார். "பெட்டி வேர்த்து ஒழுகிக்கிட்டுக் கெடந்துச்சு மேடம். தொறந்தா உள்ள ஒரே ஈரம். ஈரத்தோட வச்சா எந்தச் சரக்கும் பூசணம் புடிச்சுரும்ல? அதான் அப்பவே எடுத்து, காயோட காயா சூட்டுல காயப்போட்டுட்டேன்."

ஏலக்காய்த் தட்டின் நடுவில், பச்சைக் காய்களோடு அந்தக் குழாய் கிடந்தது. உள்ளே கறுப்பாக ஒரு பொருக்கு. மேடம் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். "நல்லாத்தான் காஞ்சிருக்குதுங்ணா" என்றார். அப்போதுதான் செல்லையாவுக்கு முகம் செத்துப்போயிற்று.

டாக்டர் தயங்கினார். "இன்னொரு தடவ எடுத்துப் பாக்கலாம் மேடம். இப்பத்தான் முழிச்சிருக்கு, தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது."

கூடைக்குள் அணில் மேடத்தையே பார்த்தது. மேடமும் பார்த்தார். மழை தூறிக்கொண்டிருந்தது.

"வேண்டாமுங்க டாக்டர். அது வீட்டுக்குப் போகட்டும்."

காயம் ஆறி அது மரமேறிய அன்றைக்கும் போயிருந்தோம். வால் இலைகளுக்குள் மறைகிற வரைக்கும் அண்ணாந்து பார்த்துவிட்டு, துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

காய்ந்த ரத்தத்தையும் லேபுக்கு அனுப்பித்தான் பார்த்தார். மரபணு தூள்தூளாக நொறுங்கிவிட்டது, முழுதாகப் படிக்க வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். வேறு அணிலும் கிடைக்கவில்லை. அனுமதியும் முடிந்தது. ஊருக்குக் கிளம்புகிற அன்று, செல்லையா சரியாகச் சாப்பிடுவதே இல்லை, ஸ்டோர்ப் பக்கமே போக மாட்டேன் என்கிறார் என்று யாரோ சொன்னார்கள். மேடம் உடனே எங்கள் வீட்டுக் கூடத்திலிருந்து அவருக்குப் போன் போட்டார்.

"செல்லையாண்ணா, நல்ல சேதிங்ணா! நீங்க காயப்போட்டதுலயே முழுசும் படிச்சுட்டாங்களாமுங்க. போயி வயிறாரச் சாப்பிடுங்க."

நான் வாயைப் பிளந்தேன். "நெசமாவா மேடம்?"

"பொய்யிங்ணா. அவரு சாப்பிடோணுமில்லைங்களா?" என்று பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மதுரை ரயிலுக்குப் போய்விட்டார்.

இப்போதும் ஸ்டோருக்கு யார் வந்தாலும் செல்லையா அந்த ஏலக்காய்த் தட்டைத் தட்டிக் காட்டுவார். "இதுலதான்யா காயப்போட்டேன். அதத்தான் மொத எழுத்துல இருந்து கடைசி எழுத்து வரைக்கும் படிச்சிருக்காக. என்னண்ணே, நான் சொல்றது சரிதான?" என்று என்னைச் சாட்சிக்கு இழுப்பார். "ஆமா செல்லையா" என்பேன். மேடம் விட்டுப்போன பொய்யைக் காப்பாற்றும் சோலி இப்போது எனக்கு. இவ்வளவு ஆசையாக நான் எந்தச் சோலியும் பார்த்ததில்லை.