மரக்காலைக்கு வந்த 'கவனம்' அண்ணை

குடாநாட்டில் மற்றவன் நிம்மதியைக் கெடுக்கவென்றே பிறந்த ஒரு மனுசன் இருந்தாரென்றால், அது எங்கள் 'கவனம்' அண்ணைதான். வாயைத் திறந்தால் முதலில் விழுவது 'கவனம்'. சொந்தப் பெயரை அவரைப் பெற்றவர்களே மறந்திருப்பார்கள்.

எங்கேயோ பெரிய தொழிற்சாலையில் இருந்தவராம். சண்டையில் அது மூடப்பட, அரியாலையில் நாங்கள் வேலை செய்த மரக்காலைக்கு, மரம் அரிகிற வாள் தீட்ட வந்தார். வாளைத் தீட்டுகிற நேரத்தைவிட எங்களைத் திருத்துகிற நேரம்தான் கூட.

"இடுப்பிலை கட்டின சாரத்தோடை ஓடுற எஞ்சின் பெல்ட்டுக்குக் கிட்டப் போகாதையும் காணும். இழுத்துப் போடும்!"

"இழுத்தா சாரம்தானே அண்ணை போகும்?"

"சாரத்துக்குள்ளை நீரும் நிக்கிறீரெல்லோ?"

மரத்தூள் நெஞ்சுக்குக் கூடாதென்று பழைய வேட்டியைக் கிழித்து எல்லாருடைய மூக்கிலும் கட்டிவிட்டார். மரம் வாங்க வந்தவர்கள் எங்களைக் கொள்ளைக்காரரென்று பயந்து திரும்பிப் போனார்கள். ஒருநாள் குண்டு போடப் பொம்மர் வந்தது. நாங்கள் விழுந்தடித்துப் பங்கருக்குள் பாய, இந்த மகான் ஆறுதலாக எஞ்சினை நிற்பாட்டிவிட்டு வந்து, "தலை கவனம், கூரைப் பனங்குத்தி இடிக்கும்" என்கிறார். மேலே குண்டு, இவருக்குக் குத்திதான் பயம்! விசரிலும் இப்படி ஒரு விசரா?

மின்சாரம் இல்லாத அந்தக் காலத்தில் எங்கள் எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடியது. எண்ணெய்ப் பரலுக்குள் குழாயை விட்டு, வாயால் உறிஞ்சித்தான் எண்ணெயை இறக்குவோம். ஊர் முழுக்க அப்படித்தான் உறிஞ்சியது. "வாய் வைக்காதையுங்கோ" என்று அண்ணை மட்டும் எங்கள் உயிரை வாங்கினார். பொறுக்கமுடியாமல் முதலாளியிடம் போனோம். நான்தான் முன்னுக்கு நின்றேன்.

"உவர் நிண்டா நாங்கள் நிக்கமாட்டம்."

"சரியப்பா, வெள்ளிக்கிழமையோடை அனுப்பிறன்" என்றார் முதலாளி.

வியாழக்கிழமை, அண்ணை பார்க்கவேண்டுமென்றே குழாயில் வாயை வைத்துப் பலமாக ஓர் இழுவை இழுத்தேன். இரண்டு மிடறு உள்ளே போய்விட்டது. நெஞ்சு எரிய நிலத்தில் விழுந்தேன்.

"உப்புத்தண்ணி குடுங்கோ! தொண்டைக்குள்ளை விரலை விட்டுச் சத்தி எடுக்கப் பண்ணுங்கோ!" என்று எல்லாரும் ஓடிவந்தார்கள்.

அண்ணை ஒரு மரச்சட்டத்தைத் தூக்கிக்கொண்டு குறுக்கே நின்றார். "ஆரும் தொட்டா அடிப்பன்! சத்தி எடுத்தா எண்ணெய் சுவாசப்பைக்குள்ளை போய் ஆள் முடிஞ்சிடும்!"

தன் சைக்கிள் பாரில் என்னை ஏற்றி ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். நான் சாகப்போகிறேன், இந்த மனுசன் ஒவ்வொரு சந்தியிலும் நின்று இரண்டு பக்கமும் பார்க்கிறார்!

"சத்தி எடுக்கப் பண்ணினவையோ?" என்று டொக்டர் கேட்டார். இல்லையென்றதும், "தப்பினீர்" என்றார்.

அடுத்தநாள் முதலாளி கட்டிலடிக்கு வந்து என் காதுக்குள் கேட்டார்: "இண்டைக்கு வெள்ளி. அவரைப் போகச் சொல்லட்டோ?"

"அவர் போனா நானும் வரமாட்டன்."

அண்ணை பக்கத்து மர வாங்கில் இருந்தபடியே நித்திரையாகிச் சாய்ந்துகொண்டிருந்தார். விழுந்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. கையை நீட்டி அவருடைய சேட்டு நுனியைப் பிடித்துக்கொண்டேன்.