தேத்தண்ணிக்குப் பயந்த கதிரையர்

உலகத்தில் தேத்தண்ணிக்குப் பயந்த ஆண்பிள்ளை ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவர் திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டினார். பெரிய பெரிய சரக்குக் கப்பல்களை மாட்டைப் போல இழுத்து வந்து கட்டுகிற மனிதர், ஒரு கோப்பைத் தேத்தண்ணியைக் கண்டால் வாசல் படலைக்கு வெளியே பாய்ந்துவிடுவார்.

வீடு பார்க்கப் போகிற இடத்தில் மட்டும்தான் இந்தப் பயம். வெள்ளைக்காரக் கடற்படை மூட்டை கட்டிப்போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்த காலம். அலையைப் பார்த்தே வாழ்ந்தவருக்குச் சொந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு சாக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். வீடு விற்பனைக்கு என்று காதில் விழுந்தால் போதும், கக்கத்தில் ஒரு கன்வஸ் மடக்குக் கதிரையோடு வந்து நின்று, அதை விரித்து உட்காருவார். வீட்டுக்காரரின் கதிரையில் இருக்கமாட்டார். அவர்கள் தரும் பச்சைத்தண்ணியைக்கூடத் தொடமாட்டார். எதையும் புகழமாட்டார். காய்த்துக் குலுங்குகிற பலாமரத்தைக் காட்டினாலும், “ஓம், மரம் நிக்குது” என்பதோடு சரி. ஊர் அவருக்குக் கதிரையர் என்று பெயர் வைத்துவிட்டது.

அந்தக் கதிரை ஒருநாள் நான் இருந்த வீட்டு முற்றத்தில் விரிந்தது.

நான் துறைமுகக் கந்தோரில் கிளாக்கர். பாக்கியம் அக்கா வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். யன்னலைத் திறந்தால் கடல், குசினிப் பக்கம் திரும்பினால் அக்காவின் புட்டு. அக்கா வீட்டை விற்றுவிட்டு மட்டக்களப்பில் மகளோடு போய் இருக்கப் போகிறாளாம். வாங்குகிறவர் குடிவந்தால் நான் வெளியே. என்னைச் சகிக்கக்கூடிய இன்னொரு வீட்டுக்காரி குச்சவெளியிலிருந்து மூதூர் வரை தேடினாலும் கிடைக்கமாட்டாள். கதிரையர் வாங்குவதென்று தீர்மானித்தார். நான் விடுவதில்லையென்று தீர்மானித்தேன்.

முதலில் பேயை இறக்கினேன்.

“அண்ணை, கிணத்தடியில ராவில ஒரு பொம்பிளை அழுறது கேக்கும்.”

“எந்தப் பக்கம்?”

“தெற்குப் பக்கம்.”

“அப்ப வடக்குப் பக்கம் நிண்டு குளிக்கலாம்.”

“கூரையும் ஒழுகும் அண்ணை.”

“கப்பலும் ஒழுகுது, தம்பி.”

அந்த நேரம் பார்த்து அக்கா உபசாரமாக ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு வந்தாள். கதிரையர் கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓட்டம் பிடித்தார். எனக்கு ஆயுதம் கிடைத்துவிட்டது!

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் படலைச் சத்தம் கேட்டால் நானே கேத்தலை அடுப்பில் வைப்பேன். என் தேத்தண்ணியைப் பற்றி நானே சொல்லக்கூடாது. அக்காவின் பூனை அதை ஒருமுறை முகர்ந்துவிட்டு வேறு வீட்டுக்குக் குடிபோனது, அவ்வளவுதான். அந்தக் கோப்பையோடு கதிரையரைத் துரத்துவேன்.

“ஒரு மிடறு அண்ணை!”

“தம்பி, சொன்னாக் கேளும்! கிட்ட வராதையும்!”

கிணற்றைச் சுற்றுவோம், முருங்கையைச் சுற்றுவோம். ஆனால் மனிதர் ஒரு சுற்றில் குசினியைப் பார்த்து முடித்தார், அடுத்த சுற்றில் மதிலைத் தட்டிப் பார்த்தார். நான் துரத்தத் துரத்த வீட்டை வடிவாகச் சோதித்துவிட்டார் என்பது எனக்குப் பிந்தித்தான் உறைத்தது.

“நான் வீடு விக்கிறன். நீர் என்ன, தேத்தண்ணி விக்கிறீரோ?” என்று அக்கா ஏசினாள்.

விலை பேசி முடிந்துவிட்டது என்று அவள் சொன்னபோதுகூட நான் அசையவில்லை. நம்முடைய நாட்டில் வீடு வளவு விஷயத்தில் வாய்ப்பேச்சு காற்றோடு போகும். பத்திரம் எழுதுகிற நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் உடன்படிக்கையில் கையெழுத்து விழுந்தால்தான் கட்டு. அதுவரை எனக்கு நம்பிக்கை இருந்தது.

ஒருநாள் நொத்தாரிசின் பியோன் என் மேசைக்கு வந்தான். “ஐயா உங்களைக் கையோட கூட்டிக்கொண்டு வரட்டாம்.”

போனேன். அக்கா இருந்தாள். கதிரையர் தன்னுடைய கதிரையில் இருந்தார். ஒரு சாட்சி தயார். மற்றவர் மூதூரிலிருந்து லோஞ்சில் கடல் கடந்து வர வேண்டியவர். காற்றுக் கடுமையால் லோஞ்ச் வரவில்லை.

“சாட்சிக்கு ‘உம்மை வடிவாத் தெரிஞ்ச வேற ஆர் இருக்கினம்’ எண்டு கதிரையரைக் கேட்டன். ஞாயிற்றுக்கிழமையில தன்னைத் துரத்துற ஒருத்தர் இருக்கிறார் எண்டு சொன்னார்” என்றார் நொத்தாரிசு.

நான் கடைசியாக ஒருமுறை முயன்றேன். “அண்ணை, இன்னும் ஒருக்கா யோசியுங்கோ. இப்பவும் எழும்பிப் போகலாம்.”

“அவர் சொல்லுறது சரி,” என்று நொத்தாரிசு கதிரையரைப் பார்த்துச் சிரித்தார். “கையெழுத்துப் போடுமட்டும் நீர் போகலாம். போட்டாப் பிறகு ஏலாது. நீர் வீணாத் தேத்தண்ணிக்குப் பயந்து திரியிறீர். ஆயிரம் கோப்பை குடிச்சாலும் சட்டம் உம்மைக் கட்டாது.”

“சட்டம் விடும் ஐயா, தேத்தண்ணி தந்த ஆளின்ர முகம் விடாது,” என்றார் கதிரையர். “இலங்கைத்துறையில ஒரு கோப்பை குடிச்சிட்டு, வேண்டாம் எண்டு சொல்ல வாய் வராமல் ஒரு வள்ளம் வாங்கினனான். அது இண்டைக்கும் கரையிலதான் நிக்குது. தண்ணியில விட்டா நேரே கீழ போகும்.”

நங்கூரம் போடுகிறவர் போல ஊன்றிக் கையெழுத்திட்டார். அக்கா போட்டாள். முதல் சாட்சி போட்டார். பேனை என்னிடம் வந்தது.

நான் மாட்டேன் என்றால் அன்றைக்கு விஷயம் நின்றுவிடும். நிமிர்ந்து பார்த்தேன். மனதால் மட்டக்களப்புப் பஸ்ஸில் ஏறியே விட்டிருந்த அக்கா, அதை மறித்து நிற்கிற மாட்டைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். மாடு விலகியது. கையெழுத்துப் போட்டு என்னை நானே வீட்டை விட்டு எழுப்பினேன், அதுவும் குண்டு குண்டான அழகான எழுத்தில்.

பின்னேரம் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். படலைச் சத்தம். கதிரையர் வந்தார், கையில் கதிரை இல்லாமல். என்னுடைய கால் ஆடுகிற கதிரையில் இருந்தார்.

“எங்க அந்தத் தேத்தண்ணி?”

“அண்ணை... உண்மையாக் குடிக்கப் போறீங்களோ?”

“ஊத்தும்.”

ஊற்றினேன். முகத்தில் இருந்த சகல தசைகளும் தடுத்தும், கசடு வரை குடித்துக் கோப்பையைக் கவிழ்த்தார்.

“குடிச்சிட்டன். இனி உம்மை வீட்டை விட்டு எழும்பச் சொல்ல எனக்கு வாய் வராது. பெட்டியை அவிழும்.”

கல்யாணமாகிப் போகும்வரை நான் அந்த அறையில்தான் இருந்தேன். அதற்கு எந்த நொத்தாரிசும் எதுவும் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் என் தேத்தண்ணியைக் குடித்தார். நல்லாயிருக்கு என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு மிடறும் மிச்சம் வைத்ததில்லை.