உட்காருங்கோ சார்

மலையாளக் கரை மட்டாஞ்சேரியில் அவரிடம் தமிழ்ப் பாட்டு கேட்காமல் தப்பித்த மனிதர் ஒருவரும் கிடையாது. தெருவில் மேய்ந்த ஆடுகளைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எங்கள் கல்லூரித் தமிழ் வாத்தியார் அவர். வராந்தாவில் யார் போனாலும் "உட்காருங்கோ, ஒரே நிமிஷம்" என்பார். அந்த நிமிஷம் முடிவதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிடும். பெயரே 'உட்காருங்கோ சார்' ஆகிவிட்டது. நான் அங்கே ரசாயனம் நடத்திக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் கடைசியில் பல்கலைக்கழகம் கல்லூரிகளை அளந்து பார்க்க ஒரு குழுவை அனுப்பியது. துறையில் எத்தனை மாணவர், எத்தனை பேர் பாஸ், வாத்தியார் என்ன ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார் என்றெல்லாம் கேட்பார்களாம். சார் கட்டுரையே எழுதியதில்லை. மாணவர் என்று பார்த்தால் இரண்டே பெண்கள். தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகளே மலையாளம் எடுத்துப் படித்த காலம்.

குழு வந்த அன்று தமிழ் வகுப்பு நிரம்பி வழிந்தது! மிளகு வியாபாரி ராவுத்தர், படகுத்துறை டிக்கெட்காரர், தமிழில் ஓர் எழுத்தும் அறியாத சாயாக்கடைச் சேட்டன் எல்லோரும் பெஞ்சில். சார் கெஞ்சிக் கூட்டி வந்தவர்கள்.

குழுத் தலைவர் ராவுத்தரின் நரைத்த தாடியைப் பார்த்தார். "நீங்க எத்தனாவது வருஷம்?"

"கடை போட்டு இருபது வருஷம் ஆச்சு சாரே."

தலைவர் பேனாவை மூடினார். சார் கவனிக்கவேயில்லை. பொருள் தேடிப் போன கணவனுக்காக ஒருத்தி காத்திருக்கும் பழைய பாட்டில் மூழ்கியிருந்தார். பிரின்சிபால் வந்து கையைப் பிடித்து, "மதி சாரே, போதும், நிறுத்துங்கோ" என்றபோதுதான் நின்றார்.

செயல்திறன் போதாது என்று எழுதிவிட்டார்கள். தமிழ்த் துறையை மூடி, சாரை ஆபீசில் ஃபீஸ் வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். அதற்குப் பிறகு அவர் வாய் திறந்து பேசி நான் பார்த்தது அபூர்வம்.

ஒருநாள் ராவுத்தர் அந்த ஜன்னலில் வந்து நின்றார். "சாரே, அன்னிக்குப் பாதியில விட்டுட்டீங்களே. அந்தப் பொண்ணோட புருஷன் திரும்பி வந்தானா?"

"பாட்டுல அது இல்லை, ராவுத்தரே."

"பின்னே அவ கதி?"

சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வேண்டாம் சாரே, நான் சும்மா கேட்டது" என்று ராவுத்தர் பதறிப்போனார்.

அந்த வருஷமே சார் வேலையை விட்டுவிட்டு, பாலக்காட்டில் மகள் வீட்டுக்குக் கிளம்பினார். ரயில் பிடிக்க அக்கரைக்குப் போகவேண்டும்; படகுத்துறையில் ராவுத்தர் பெட்டியை ஏற்றிவிட்டார். எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தும், "மருந்தை மறக்காம சாப்பிடுங்கோ" என்று மட்டும்தான் வந்தது.

படகு மறைந்தது. அடுத்த படகு வந்து ஆட்கள் இறங்கிப் போன பிறகும், ராவுத்தரும் நானும் அங்கேயே நின்றுகொண்டிருந்தோம்.