பெயரில்லாத இடத்தின் சரித்திரக்காரன்

வளைகுடா முழுவதையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் அவனைப் போல ஒரு பொய்யன் கிடைக்கமாட்டான். முடி வெட்டுவது தொழில். மதுரைப் பக்கத்துக்காரன். எங்களுக்கு அவன் ‘சரித்திரம்’.

ராஸ் அல் கைமாவில் கல்குவாரி மலைக்குக் கீழே எங்கள் இடம். மளிகைக்கடை, சலூன், டயர் கடை, டீக்கடை, பின்னால் குவாரி ஆட்கள் தங்கும் கேம்ப். அவ்வளவுதான். பெயர்ப்பலகை கிடையாது. முனிசிபாலிட்டிக்கு நாங்கள் ஊரே இல்லை. டாக்சிக்காரனிடம், "கல் உடைக்கிற மெஷின் தாண்டி, ஆட்டுக்கொட்டிலுக்கு எதிரே" என்று சொல்லித்தான் வர வேண்டும்.

அந்த ஆட்டுக்கொட்டில் மட்டுமே இருந்த காலத்தில் கன்டெய்னர் பெட்டியை இறக்கி மளிகைக்கடை போட்டவன் யார்? அடியேன்தான். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். நான் தண்ணீர் கேன் வைத்தேன், லாரிகள் நின்றன. லாரி நின்றதால் டயர் கடை வந்தது. பிறகுதான் கேம்ப், சலூன் எல்லாம்.

ஆனால் சலூனில் ஓடுவது வேறு சரித்திரம். உட்காருகிறவனிடம் முதலில் ஊரைக் கேட்பான். லாரி ஓட்டும் பட்டாணியனா? இடத்தை உண்டாக்கியவர் ஒரு பெஷாவர்காரர். மலையாளியா? கண்ணூர்க்காரர்.

துபாயில் பெரிய ஆபீசரான என் மாப்பிள்ளை ஒருநாள் வந்தார். மாமனாரின் பெருமையை ஊரார் வாயால் கேட்கட்டும் என்று ஷேவிங்குக்கு அழைத்துப் போனேன்.

"சாருக்கு எந்த ஊரு?"

"கோயமுத்தூருங்க."

"அட! இங்கிட்டு மொதக் கடை போட்டதே ஒரு கோயமுத்தூர்காரருதான சார்!"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். துபாய் போய்ச் சேரும்வரை சிரித்திருப்பார்.

அடுத்த லீவு நாளில் சண்டைக்குப் போனேன். எல்லார் முன்னாலும் அவன் வாயால் உண்மையைச் சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்றுதான்.

நாற்காலியில் ஒரு புது ஆள். ராமநாதபுரம். வந்து ஒரு வாரம் ஆகவில்லை. சோப்பு நுரையின் மேல் கண்ணீர் ஓடியது.

"யாருமே இல்லாத எடம்ணே இது. பைத்தியம் புடிச்சிரும். நாளைக்கே ஊருக்குப் போயிர்றேன். அக்கா நகைய வித்து அனுப்புச்சு, அது மூஞ்சில எப்புடி முழிக்கன்னுதான் தெரியல."

"யாருமே இல்லையா? அடேய், இங்க மொதக் கடை போட்டதே ஒங்க ராம்நாட்டுக்காரருதாண்டா! ஒன்னயப் போலதான் அழுதாரு. அப்புறம் இருந்து காட்டுனாருல்ல? நம்பலையா? இந்தா, அண்ணாச்சியவே கேளு."

கத்தியை நிறுத்திவிட்டுக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். புது ஆளும் பார்த்தான். சலூனே பார்த்தது. என் கன்டெய்னர், என் தண்ணீர் கேன் எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றன.

"ஆமாய்யா," என்றேன். "நான் வந்து எறங்குனப்போ மொதத் தண்ணி குடுத்ததே அவருதான். கன்டெய்னர் கதவச் சாத்திக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுவாரு. வெளிய வந்தா மீசைய முறுக்கிக்கிடுவாரு."

"பெறகு?"

"பெறகென்ன? பழகிப்போச்சு."

அந்த ஆள் போகவில்லை. இன்று குவாரியில் அவன்தான் ஃபோர்மேன்.

மகள் வீட்டில் மாதக்கணக்கில் தங்க நேர்ந்தாலும் நான் துபாயில் முடி வெட்டுவதில்லை. வளர்த்துக்கொண்டே திரும்பி வருகிறேன். அந்தப் பொய்யனின் கையைத் தவிர வேறு கை என் தலையில் படக்கூடாது.