மத்தியஸ்தருக்கு இரண்டு பாதியும் ஏற்றம்

பதுளை,
18.08.1974

அன்புள்ள மச்சானும் உதைபந்தாட்டச் சங்கத்தின் கனம் செயலாளருமாகிய மொஹிதீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். என் மனைவியும் உன் கூடப்பிறந்த ராத்தாவுமான ஜெனீரா சுகம். பிள்ளைகளும் சுகம். என் இரண்டு கால்களும் விசேஷமாகச் சுகம் என்பதைச் சங்கம் கவனிக்கவேண்டும்.

இறுதி ஆட்டத்துக்குப் பண்டாரவளை ஷுக்ரியை மத்தியஸ்தராகப் போட்டிருக்கிறீர்களாம். என் கடைக்குச் சாரம் வாங்க வந்தவர்கள் சொல்லித்தான் எனக்கே தெரியும். அஸீஸ் முதலாளி, அதாவது நான், பந்தோடு ஓடுவதில்லையாம், அதுதான் காரணமாம். ஓடிப் பார்த்தவனுக்கல்லவா தெரியும்! ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்கு அப்பால் நீங்கள் என்னை அனுப்பிய அந்த மைதானத்தை ஒருநாளாவது கண்ணால் கண்டாயா? ஒரு கோல் மேலே கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில், மற்றது கீழே தேயிலைக்குள். இடைவேளையில் இரண்டு அணியும் பக்கம் மாறும், முதல் பாதியில் ஏறியவன் அடுத்த பாதியில் இறங்குவான், நியாயம்தான். நான் எங்கே மாறுவது? எனக்கு இரண்டு பாதியும் ஏற்றம். கோல் காவலனுக்குச் சாய்ந்துகொள்ளக் கம்பம் இருக்கிறது, எனக்கு என்ன இருக்கிறது? பந்து தேயிலைக்குள் உருண்டால் இரண்டு அணியும் உட்கார்ந்து வெற்றிலை போடும், நான் மட்டும் பின்னால் இறங்கவேண்டும். ஏனென்றால் எடுத்து வருகிறவன் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் பந்து என்று அங்கே சண்டை வரும். மாவுத் தட்டுப்பாட்டில் மரவள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டு நான் தண்ணீர்க் கானுக்குள் விழுந்து எழும்பி வந்தேன், காலுறைக்குள் அட்டை. ஓர் அணியின் தலைவன் வீரய்யா என்ன சொன்னான் தெரியுமா?

"மொதலாளி, நீங்க அங்கனயே நில்லுங்க. நாங்க கோல் போட்டுட்டு வந்து சொல்றோம்."

இது மரியாதையா, மச்சான்?

பிறகு அந்தக் கோல் விஷயம். கீழே வீரய்யாவின் ஆள் ஒருவன் மற்ற அணிக்காரனின் காலைத் தட்டிவிட்டதை நான் கண்ணால் கண்டேன். விசிலை வாயில் வைத்து ஊதினேன். காற்று வந்தது, சத்தம் வரவில்லை. அதற்குள் பந்து மேலே போய், வீரய்யா உதைத்து, உள்ளே போய்விட்டது. இரண்டு பக்கமும் என்னைச் சூழ்ந்து தீர்ப்புக் கேட்டன. கொஞ்சம் பொறுங்கள், மூச்சு விடுகிறேன் என்றுதான் கையைத் தூக்கினேன். கை தூக்கினால் கோல் என்று வீரய்யாவைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வாயில் பேச்சு இருந்தால்தானே தடுப்பேன்? மேட்டிலிருந்து ரெங்கம்மா என்ற கொழுந்துக்காரி, "ஐயோ, அந்த மொதலாளிக்கு யாராச்சும் தேத்தண்ணி குடுங்கப்பா!" என்று கத்தினாள். நியாயம் பேசிய ஒரே ஆள் அவள்தான். பேச்சு திரும்பியதும் தோற்றவர்களிடம் சொன்னேன், கொடுத்த கோல் கொடுத்ததுதான் என்று. மத்தியஸ்தன் தீர்ப்பை மாற்றினால் நாளைக்கு அவனை எவன் மதிப்பான்?

உன் ராத்தாவோ, "இந்த வயசில ஒங்களுக்கு என்னத்துக்கு இந்த வேல?" என்று தினமும் தைலம் தேய்க்கும்போது கேட்கிறாள். (தைலம் பொதுவான ஆரோக்கியத்துக்காக.) உன்னிடம் உண்மையைச் சொல்கிறேன். கடையில் நான் ஒரு விலை சொன்னால் ஊரே பேரம் பேசுகிறது. வீட்டில் நான் சொல்வது எதுவும் நடப்பதில்லை. கழுத்தில் விசில் தொங்கும்போது மட்டும்தான் நான் சொன்னால் சொன்னது. அதையும் பிடுங்கி ஷுக்ரியிடம் கொடுத்தால் எனக்கு என்னதான் மிச்சம்? மனசு கொதிக்கிறது, மச்சான். அவன் ஓடுவான், சரி. மான்கூடத்தான் ஓடும். அதனிடம் விசிலைக் கொடுப்பீர்களா? இறுதி ஆட்டம் எனக்கே வரவேண்டும். முழு ஆட்டமும் ஓட என்னால் முடியும் என்று இதன்மூலம் உறுதியளிக்கிறேன்.

உனக்கும் உன் வீட்டாருக்கும் என் ஸலாமும் துஆவும். ஷுக்ரிக்கு ஸலாம் மட்டும்.

இங்ஙனம்,
எம். அஸீஸ்,
மத்தியஸ்தர்

பி.கு: பதிலைத் தபாலில் போடாதே. இதைக் கொண்டுவந்து தருபவர் உங்கள் சங்கத்து மாடிக்குக் கீழே இருக்கும் தேத்தண்ணிக் கடைக்காரர். நேரில் பேசத்தான் வந்தேன். மாடிப்படியில் பாதிவரை ஏறிய பிறகு, எழுத்தில் கொடுப்பதே மரியாதை என்று தோன்றியது. அவருடைய பெஞ்சில்தான் இருக்கிறேன். நீ இறங்கி வா.