மஞ்சக்கோடும் நாலு அரசாங்கத்துப் பள்ளமும்

இந்த நாட்டில் எந்த அரசாங்கம் எங்கே முடிகிறது, எது எங்கே ஆரம்பிக்கிறது என்று அங்குலக் கணக்கில் தெரிந்த ஒரே ஆள் ஒரகடத்தில் இருக்கிறார். எட்டாவது தாண்டாதவர். எங்களுக்கு அவர் 'மஞ்சக்கோடு'.

எங்கள் கம்பெனித் தரையில் மஞ்சள் பெயின்ட்டால் கோடு போடுவது அவருடைய கான்ட்ராக்ட் வேலை. வண்டி போக, ஆள் நடக்க, குப்பைத்தொட்டி வைக்க என்று எல்லாவற்றுக்கும் கோடு. ஸ்டோர்ஸில் இருந்த நான் ஒருநாள் மேஜையை நாலு விரக்கடை நகர்த்திவிட்டேன். "சார், நீ இப்போ ஃபோர்க்லிஃப்ட் எல்லைல குந்தினுகீற" என்றார். பழைய இடத்துக்கு இழுத்துப் போடும்வரை நகரவில்லை.

வடக்குப்பட்டுப் பக்கம் ஷிஃப்ட் பஸ் நிற்கிற இடத்தில் மழைநீர்க் கால்வாயின் மூடி உடைந்து ஆளுயரப் பள்ளம். அங்கே இறங்குகிற பெண்களில் அவர் மனைவியும் ஒருத்தி. மழை வந்து தண்ணீர் நின்றால் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. அதற்குள் மூட வேண்டுமென்று மனுவோடு கிளம்பினார்.

பஞ்சாயத்துத் தலைவர், "அது ஒன்றியத்து ரோடு" என்றார். ஒன்றியத்தில், "நெடுஞ்சாலைக்காரங்களுது" என்றார்கள். நெடுஞ்சாலைக்காரர், "ரோடு எங்களுது, கால்வாய் தொழிற்பேட்டை வெட்டினது" என்றார். எம்.எல்.ஏ., "தொழிற்பேட்டைக் கால்வாய் டெல்லிப் பணத்துல வெட்டினது, எம்.பி.யைப் பாருங்க" என்றார். எம்.பி.யின் ஆள், "கால்வாயெல்லாம் மாநிலம்" என்றார். ஒருத்தரும் பொய் சொல்லவில்லை. வயிற்றெரிச்சலே அதுதான்.

மறுநாள் டேப் பிடித்து அளந்து, பள்ளத்தைச் சுற்றி நாலு கோடு போட்டார். பஞ்சாயத்து, ஒன்றியம், மாநிலம், மத்திய அரசு என்று எழுதியும் வைத்தார். இன்னாய்யா இது என்று கேட்டேன். "வுழறவன் பார்த்து வுழுந்தா, எந்த ஆபீஸ்னு அலைய வேணாம்ல சார்?"

அப்புறம் டெல்லிக்கே எழுதினார். டெல்லி அதைத் 'தக்க நடவடிக்கைக்காக' சென்னைக்கு அனுப்பியது. சென்னை கலெக்டருக்கு, கலெக்டர் ஒன்றியத்துக்கு, ஒன்றியம் பஞ்சாயத்துக்கு. கடைசியில் பஞ்சாயத்து கிளார்க் இவரைக் கூப்பிட்டு, "உன் லெட்டர்தான்யா, டெல்லி போய்ட்டு வந்துகீது. எத்தினி சீலு பாரு" என்று கையில் கொடுத்தார்.

"நானே திருப்பதி தாண்டினதில்ல" என்றார் மஞ்சக்கோடு.

மழை வந்தது. ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் முழங்கால் தண்ணீரில், கையில் கம்போடு பள்ளத்தோரம் நின்று எல்லாரையும் திட்டித் திட்டி ஒதுக்கிவிட்டார். ஒருத்தர்கூட விழவில்லை. அஞ்சாம் நாள் ஒரு லாரிக்கு வழிவிடப் பின்னால் நகர்ந்தவர், அவரே விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. தூக்கியவர்களில் நானும் உண்டு. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "எந்தப் பக்கம் சார் வுழுந்தேன்?" என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். இன்றுவரை அதற்கு வெட்கப்படுகிறேன்.

கான்ட்ராக்ட் ஆள், வேலை போயிற்று. ஊரையே திட்டிய மனுஷன் சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான், பேச்சே இல்லை. அவர் மனைவி என்னிடம், "ரெண்டு வார்த்த திட்டினாக்கூடப் போதும்ணா" என்று சொல்லி அழுதது.

போன மாதம் மந்திரி அந்த வழியாகப் போனார். ரெண்டே நாளில் பள்ளத்துக்கு சிமென்ட் மூடி வந்தது. பக்கத்தில் ஒரு கல்வெட்டு: எம்.பி., எம்.எல்.ஏ., ஒன்றியம், பஞ்சாயத்து, எல்லார் பெயரும் பெரிய எழுத்தில். பள்ளமாக இருந்தவரை அது யாருடையதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் பெயின்ட் வாங்கிப் போய் அந்த மூடியைச் சுற்றி ஒரு மஞ்சள் கோடு போட்டேன். போனில் படமெடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். மெல்ல என் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"இன்னா சார் இது, கோடா, பாம்பா? டேப் புடிக்காம உன்ன எவன் போடச் சொன்னான்? ஸ்டோர்ஸ்ல குந்தினு தூங்கறவனுக்கு எதுக்கு சார் இந்த வேல?"

அரை மணி நேரம் திட்டினார். அடுப்படியிலிருந்து அவர் மனைவி ஓடிவந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டது.

டேப் பிடித்து அளந்துதான் கோணலாகப் போட்டேன் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை.