இரண்டு பூட்டுப் போட்ட கூடாரம்

அன்புள்ள மைத்துனருக்கு அத்தான் எழுதிக்கொள்வது. நீங்களும் வீட்டில் எல்லோரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சௌக்கியமே. கூடாரத்துக்குள் பூட்டப்பட்டுக் கிடக்கிறோம் என்பதைத் தவிர வேறு குறை கிடையாது.

நான் ஓய்வு பெற்றதற்குப் பரிசாக நீங்கள் ஏற்பாடு செய்த இந்தத் தேசியப் பூங்காப் பயணத்தில் காடு நன்றாகத்தான் இருக்கிறது. நடக்க ஆரம்பித்ததுமே அட்டைகள் என் காலைத் தேடி வந்தன, வழிகாட்டி உப்பைத் தூவி விரட்டினார், அதற்குள் ஒரு குரங்கு என் மூக்குக் கண்ணாடியைப் பறித்துக்கொண்டு மரத்தில் ஏறியது, அதையும் அவரே ஒரு பழத்தைக் காட்டி மீட்டுக் கொடுத்தார். உங்கள் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகுகாலமாகிவிட்டதால் நானும் கோபித்துக்கொள்ளவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வங்கியில் பெட்டக அறை என் பொறுப்பில் இருந்தது உங்களுக்குத் தெரியும். ஒரு சாவி என்னிடம், மற்றொன்று மேலாளரிடம், இருவரும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். அந்தப் பழக்கத்தில் கூடாரத்தின் வெளித்துணி ஜிப்புக்கு ஒரு பூட்டும் உள்வலை ஜிப்புக்கு ஒரு பூட்டும் போட்டு, உள்பூட்டின் சாவியை உங்கள் அக்காவிடம் ஒப்படைத்தேன். அதுதான் வினையாகிவிட்டது. வீட்டுப் பின்கதவைப் பூட்டினேனா என்று சந்தேகம் வந்துவிட்டதால் இன்று போகவிருந்த அருவியைப் பார்க்காமலே திரும்பிவிடலாம் என்று காலை எழுந்ததும் சொன்னேன். சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டுவிட்டாள்.

"சினிமாவுக்குப் போனா இடைவேளையில திரும்பிடுறோம். கல்யாணத்துக்குப் போனா சாப்பிடாம திரும்பிடுறோம். இந்த அருவியையாவது நான் முழுசா பாக்கணும். வர்றேன்னு சொல்லுங்க, திறக்கிறேன்."

நானோ அவசரமாக வெளியே போக வேண்டிய நிலையில் இருக்கிறேன். வழிகாட்டி வெளியில் நின்று, துணிக்கு எதற்கு சார் பூட்டு என்று பணிவாகக் கேட்கிறார். உங்கள் அக்கா மட்டும் எந்த அவசரமும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். அவள் செருப்பு எப்படி ஈரமானது என்றும் விளங்கவில்லை. கூடாரம் ஒழுகுகிறது போலும், பயணக் கம்பெனியிடம் சொல்லிவையுங்கள்.

ஆகவே, இப்போதைக்கு வருகிறேன் என்று சொல்லிப் பூட்டைத் திறக்கவைக்கப் போகிறேன். கடிதம் கண்டதும் எங்களை அழைத்துப்போக ஜீப் அனுப்பச் சொல்லுங்கள். அப்படியே என் வீட்டுப் பின்கதவையும் ஒரு நடை போய்ப் பாருங்கள். குழந்தைகளுக்கு எங்கள் ஆசிகள், உங்கள் மனைவிக்கு என் அன்பான விசாரிப்புகள்.

இப்படிக்கு,
அத்தான்

பின்குறிப்பு: சாமான் கொண்டுவந்து தபாலை எடுத்துப்போகும் ஜீப் மழையால் இரண்டு நாளாக வரவில்லை. கடிதம் என் பையிலேயே கிடக்க, அருவிக்குப் போய் வந்துவிட்டோம். உங்கள் அக்கா தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு சாவகாசமாக ஒரு சங்கதி சொன்னாள். கூடாரத்துக்குப் பின்பக்கம், எங்கள் பெட்டி மறைத்திருந்த இடத்தில், இன்னொரு ஜிப் இருக்கிறதாம். அன்று விடிந்ததும் அது வழியாகப் போய், முகம் கழுவி, டீயும் குடித்துவிட்டு வந்து படுத்தாளாம். அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீங்க அருவிப் பக்கமாவா ஓடியிருப்பீங்க?" என்றாள்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஜீப் வேண்டாம், இன்னும் நாலு நாள் இருந்துவிட்டு வருகிறோம். வீட்டுப் பின்கதவு திறந்து கிடந்தால் கிடக்கட்டும்.